உருண்டைச் சித்தரின் மூன்று வேளை மந்திரம்

அன்னூர்ப் பக்கம் உருண்டைச் சித்தரைத் தெரியாதவர் இல்லை. சித்தராவதற்கு முன் அவர் வெறும் கதிரேசன். உரக்கடை வைத்து நொடித்தவர். உரம் விற்காததால் பக்தியை விற்கத் தொடங்கினார். விளைச்சல் அமோகம்!

சரக்கு, வெல்ல உருண்டை. மாரியம்மன் நோம்பியன்று எந்தப் பெண்ணும் வீட்டுக்குத் தூரமாகி, மாவிளக்கு எடுக்க முடியாமல் போய்விடக் கூடாதல்லவா? உருண்டையைத் தின்றால் அம்மனே தேதியைத் தள்ளிவைப்பாளாம். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின். அம்மன் எந்தக் காலேஜில் மருத்துவம் படித்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. “என் சம்சாரம் புவனாவே சாட்சி! வருசா வருசம் மொத மாவிளக்கு அவளுதுதான்!” என்று சித்தர் முழங்கினார். வாசலில் செருப்பு விட இடமில்லை.

சாந்தாமணிக்கு இந்த ஆண்டு உயிரே மாவிளக்கில்தான் இருந்தது. போன வருடம் பிரசவத்துக்குப் பின் மருமகள் மௌனிகாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டி, பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கால் சரியானால் மருமகள் கையாலேயே மாவிளக்கு என்று நேர்ந்திருந்தாள். நோம்பி நாளும் மௌனிகாவின் தேதியும் சரியாக ஒன்றாக வந்து நின்றன.

“நோம்பிக்கு இன்னும் மூணு நாள்தான். உருண்டையத் தின்னுபோடு கண்ணு. வெறும் வெல்லந்தான்.”

“வெறும் வெல்லத்துக்கு எதுக்குங்கத்தை மூணு வேளை? தேதி தள்ளிப்போட டாக்டருங்க தர்ற ஹார்மோன் மாத்திரையத்தான் அப்படித் திங்கச் சொல்லுவாங்க. உதிரம் ரொம்பப் போறவங்களுக்கும் அதக் குடுப்பாங்க. நல்ல மருந்துதான். ஆனா ரத்தம் கட்டுனவ அதத் தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்புனாங்க.”

சித்தர் மேலேயே சந்தேகமா! சாந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, மருமகளை நேரே சித்தர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ஏனுங் சாமி, உருண்டையில மாத்திரை ஏதாச்சும் கலக்கறீங்களா?” என்றாள் மௌனிகா.

“அபச்சாரம்! எல்லாம் மந்திரம் அம்மணி!”

“அப்பிடின்னா எங்க ஊட்டு வெல்லத்துக்கு இங்கியே மந்திரம் போட்டுக் குடுங்க.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தர் கண்ணை மூடி முணுமுணுத்தார். ஒரு பெண்ணுக்கு அருள்கூட வந்துவிட்டது. “இதுக்கும் அதே சக்திதான்!” என்று முடித்தார்.

மௌனிகா அந்த வெல்லத்தை உருட்டி, உருண்டைத் தட்டுக்குக் காவலிருந்த புவனாவிடம் நீட்டினாள். “நோம்பிக்கு நீங்கதானுங்கக்கா மொத மாவிளக்கு? இன்னைக்கு இதத் தின்னுங்க.”

புவனா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “அய்யோ, வேண்டாமுங்க! இது வெறும் வெல்லம்! நோம்பியன்னைக்குத் தூரமாயிப்போட்டா என்ற மானமே போயிரும். ஏனுங்க, பாத்துட்டே நிக்கறீங்களே, மாத்திரை அரைச்சுப் போட்டதுல ஒண்ண எடுத்துக் குடுங்க!”

சித்தர் கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். அருள் வந்த பெண் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, “எந்தக் கம்பெனி மாத்திரைங்க?” என்று கேட்டாள்.

சாந்தாமணி தட்டை நோக்கிப் பாய்ந்தாள். கால் பிழைத்ததற்கு நன்றி சொல்லப் புறப்பட்டு, அந்தக் காலுக்கே உலை வைக்கப் பார்த்தோமே! “யாருக்கு என்ன நோவுன்னு கேட்டாடா குடுத்தே?” என்று தட்டைத் தூக்கிக் கவிழ்த்தாள். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். சித்தர் சுவரேறிக் குதித்தார். காவி வேட்டி மட்டும் முள்கம்பியில் தங்கிவிட்டது.

நோம்பியன்று மௌனிகாவுக்குத் தேதி தவறாமல் வந்தது. சாந்தாமணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு மாவிளக்கை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

“தூரமானவ எடுத்தா அம்மன் கோவிச்சுக்காதுங்களா?” என்று கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அம்மனும் பொம்பளைதான், அவளுக்குத் தெரியாததா? அத யோசிக்கறதையே இத்தன வருசமாத் தள்ளிப் போட்டுட்டு வந்தோமே, அதுக்கு எந்த உருண்டையைத் தின்னோம்?” என்றாள் சாந்தாமணி.