மாயாண்டி சும்மா உட்கார்ந்த நாள்

ஒரு காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. காட்டில் பள்ளி எதற்கு என்று கேட்காதீர்கள். நாட்டில் இருப்பது எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அங்கே பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் மாயாண்டி என்றொரு குரங்கு படித்து வந்தான். படித்து வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆசிரியர் அறைப் பூட்டுக்குள் பலாப்பிசினை ஊற்றியது, பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்து வைத்தது, தலைமையாசிரியர் நாற்காலியில் அரிப்புப் பொடி தூவியது எல்லாம் அவன்தான்.

பள்ளியின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு ஒருவர்மேல் ஒருவர் இங்க் அடித்துக்கொள்வதும், யாராவது ஒருவர் வில்லங்கமாக எதையாவது செய்துவிட்டுப் போவதும் அங்கே வழக்கம். இந்த வருடம் யார் செய்வார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் மாயாண்டிக்குக் காலையிலிருந்தே வேறு கவலை. நன்னடத்தைச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் தேன்மலைக் கல்லூரியில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் மாமாவோடு மலைக்கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து பக்தர்களின் தேங்காய்மூடியைப் பிடுங்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது. அதனால் இன்று விரலைக்கூட அசைப்பதில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்து, வாலைப் பெஞ்சுக் காலில் கட்டிப்போட்டு, கைகட்டி உட்கார்ந்தான்.

தலைமையாசிரியர் தவசியப்பர் ஒரு கொக்கு. நல்ல பால் வெள்ளை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், மடக்கியிருந்த இன்னொரு காலையும் கீழே ஊன்றிக்கொண்டார்.

"பய கைகட்டி உக்காந்திருக்கான்" என்று உடற்பயிற்சி ஆசிரியரான காட்டெருமையின் காதில் சொன்னார். "பெருசா என்னமோ பண்ணி வச்சுட்டான்."

அவ்வளவுதான், தேட ஆரம்பித்தார்கள். நாற்காலியில் ஏதாவது இருக்கும் என்று காட்டெருமை அதை உடைத்தே பார்த்தார். தண்ணீரில் ஏதாவது கலந்திருப்பான் என்று தொட்டியைக் கவிழ்த்ததில் ஆறாம் வகுப்பு மிதந்தது. அடித்தால் வெடிக்குமோ என்று மணியை இறக்கிக் குழிதோண்டிப் புதைத்தார்கள். மணி அடிக்காததால், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தவளைகள் இறைவணக்கத்தைப் பாடிக்கொண்டே இருந்தன. கூரையைச் சோதிக்க மேலே ஏறிய காட்டெருமை, கூரையோடு கீழே வந்து சேர்ந்தார்.

மாயாண்டி ஒரு தும்மல் போட்டான். வகுப்பறைக்குள் தேடிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் மேஜைக்கடியில் பாய்ந்தார்கள்.

இப்படி ஒரு சேட்டையைப் பள்ளி இதுவரை கண்டதில்லை என்று மாணவர்கள் கைதட்டினார்கள். மாயாண்டிக்கோ, சான்றிதழ் கையைவிட்டுப் போவது கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஓவென்று அழுதான்.

"சார், நான் ஒண்ணுமே பண்ணல சார்."

"அதாண்டா பயமா இருக்கு" என்றார் தவசியப்பர். அவருடைய அலகு தந்தியடித்தது. மேஜைக்கடியிலிருந்து ஒரு இங்க் புட்டியை அவன் பக்கம் உருட்டிவிட்டார். "எதையாவது ஒண்ணு பண்ணித் தொலைடா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மாயாண்டி அம்மாவின் தலையை நினைத்தான். மாமாவின் தேங்காய்மூடியை நினைத்தான். பிறகு வாலை அவிழ்த்துக்கொண்டு போய், மேஜைக்கடியில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, புட்டியை அப்படியே தலைமையாசிரியர் தலையில் கவிழ்த்தான்.

கொக்கு நீலமாயிற்று. "அப்பாடா, இவ்வளவுதானா" என்று பள்ளியே மூச்சு விட்டது. தவசியப்பர் சொட்டச் சொட்ட எழுந்து, தன் இறகில் வழிந்த மையிலேயே தொட்டு, 'நடத்தை: மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மாயாண்டியின் அம்மாவுக்கு லேசாகத் தலை வலித்தது. அது வெயிலால்கூட இருக்கலாம்.

நீதி: கெட்ட பெயர் எடுத்தவர்கள் ஒரேயடியாகத் திருந்திவிடக் கூடாது, சுற்றியிருப்பவர்களின் நிம்மதிக்காகவாவது அவ்வப்போது எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.