கொக்குவில் ஊழியம்

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தென்னையில் ஏறக்கூடாது என்பது பாதி மரம் ஏறிய பிறகுதான் ஜெயசுதனுக்குத் தெரிந்தது. பட்டி மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மேலே போனால் கழுத்தை இறுக்கியது. கீழே வரப் பார்த்தால் சேர்ட்டை உரித்தது.

“தம்பி, அந்தப் பெரிய குலையை விட்டிடாதேங்கோ!” கீழே நின்று சிவசுப்பிரமணியம் கை காட்டினார். “ஆண்டவரைப் பற்றிப் பேந்து ஆறுதலாக் கதைப்பம்.”

“ஓம் ஐயா,” என்றான் ஜெயசுதன், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி.

ஜெயசுதன் குருநகர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தவுடனேயே வயிற்றைப் பிரட்டும். “மீன் பிடிக்கிறானோ இல்லையோ, மீனுக்கு நல்லாச் சாப்பாடு போடுறான்” என்று அண்ணன்மார் சிரிப்பார்கள். அதனால்தான், புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னச் சபையில் வீடுவீடாகப் போய் நற்செய்தி சொல்கிற ஊழியம் கிடைத்தபோது, அது தரையில் செய்கிற வேலை என்பதே அவனுக்குப் பெரிய இரட்சிப்பாக இருந்தது.

“பூசைக்கு எழுப்ப எழும்பாதவன் ஊராரை எழுப்பப் போறானாம்” என்றாள் தாய் யோசப்பின்.

சபையின் பாஸ்டர் செபநாயகம் அவனுக்குக் கொக்குவில் பகுதியை ஒதுக்கினார்.

“மாசக் கடைசி ஞாயிறு ஞானஸ்நான ஆராதனை. காசு அனுப்புற நோர்வேச் சகோதரங்கள் நேரலையிலை பாப்பினம். ஒரு ஆத்துமாவாவது தண்ணியிலை இறங்க வேணும். இல்லையெண்டால், தம்பி, நீ கொப்பரோடை கடலுக்குப் போறதுதான் தேவசித்தம் எண்டு நான் விளங்கிக்கொள்ளுவன்.”

கொக்குவிலில் மதில்கள் உயரம். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. அடுத்த வீட்டு அம்மா சன்னலுக்குள் நின்றபடியே, “எங்களுக்கு வேண்டாம் தம்பி. எங்களட்டை நிறையச் சாமி இருக்கு” என்றாள். இன்னொரு வீட்டில் இவன் வாய் திறக்கும் முன்பே, “கரண்ட் மீற்றர் அந்தப் பக்கம்” என்று கை காட்டினார்கள். ஜெயசுதனும் மறுத்துப் பேசத் தெரியாமல், போய் மீற்றரைப் பார்த்துவிட்டு வந்தான்.

சிவசுப்பிரமணியத்தின் வீட்டில் மட்டும், தட்டும் முன்பே படலை திறந்தது.

“வாங்கோ தம்பி, வாங்கோ. இருங்கோ. பாலேஸ்வரி, தேத்தண்ணி கொண்டுவாரும்!”

ஓய்வுபெற்ற தபாலதிபர் அவர். மகன் கேதீஸ்வரன் கனடாவில். அந்தப் பெரிய வளவில் அவரும் மனைவி பாலேஸ்வரியும்தான். ஜெயசுதன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, மனிதனுடைய பாவத்தைப் பற்றித் தொடங்கினான்.

“பாவம்!” என்று சிவசுப்பிரமணியம் பெருமூச்சு விட்டார். “சரியாச் சொன்னியள் தம்பி. தேங்காய் பிடுங்க ஆள் வராமல் உந்த மரம் நிக்கிற நிலையைப் பாருங்கோ. பாவம்.”

அப்படித்தான் அவன் மரத்தில் நின்றான்.

ஒருவழியாகக் குலையைத் திருகினான். குலை விழுந்தது. ஆனால் நிலத்தில் அல்ல. தண்ணீர்த் தாங்கியிலிருந்து வந்த குழாயில். குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. வழுக்கிக்கொண்டு இறங்கிய ஜெயசுதன், வேறொன்றும் கையில் அகப்படாததால், கழுத்துப்பட்டியைக் கழற்றி உடைந்த இடத்தை இறுக்கிக் கட்டினான். தண்ணீர் நின்றது.

“கெட்டிக்காரன்!” என்றார் சிவசுப்பிரமணியம்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேலே இருந்த பொருத்து கழன்றது. தாங்கித் தண்ணீர் முழுவதும் கொல்லைப்புறம் பாய்ந்து, பாயில் காயப்போட்டிருந்த பனங்கிழங்கு ஒடியலை அள்ளிக்கொண்டு வாழைப்பாத்திக்குள் போனது.

“ஐயோ, என்ரை ஒடியல்!” பாலேஸ்வரி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பரவாயில்லைத் தம்பி. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே.”

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“கூரையிலை பரப்பினால் கெதியாக் காயும்,” என்றாள் அவள். “ஆனால் ஆர் ஏறுறது?”

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் ஜெயசுதன் கழுத்துப்பட்டி இல்லாமல் வந்தான். ஒடியலைச் சுமந்துகொண்டு ஓட்டுக்கூரையில் ஏறினான். அரைவாசி பரப்பியபோது, காலுக்குக் கீழே ஓடு நொறுங்கியது. அவனுடைய வலது கால் தொடைவரை உள்ளே போயிற்று.

கீழே சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்த பாலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“தம்பி, கால் தெரியுது!”

ஜெயசுதன் துவாரத்தால் குனிந்து பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் அவனை நேராகப் பார்த்தது. காலை எடுக்கவும் முடியவில்லை. நாட்களும் போய்க்கொண்டிருந்தன. இனி எப்போது சொல்வது என்று அந்த நிலையிலேயே பிரசங்கத்தைத் தொடங்கினான்.

“ஐயா, இந்த உலகத்து வீடு நிலையில்லாதது...”

“அது தெரியுது தம்பி,” என்றார் சாமியறைக்குள் வந்து நின்ற சிவசுப்பிரமணியம், காலைப் பார்த்தபடி.

ஒரு ஓட்டை மாற்றப்போனால் பக்கத்து ஓடு கழன்றது. அதை மாற்றப்போனால் ஓட்டைத் தாங்கும் மரச் சலாகை உக்கியிருந்தது. “அரையும் குறையுமாச் செய்யிறதிலும் பார்க்க, தெற்குப் பக்கம் முழுக்க மாத்திறதுதான் நல்லது” என்று சிவசுப்பிரமணியம் யோசனை சொன்னார். மனிதருடைய பாவத்தைச் சொல்லிக்கொடுக்க வந்தவன், தன் பாவத்துக்கு ஓடு அடுக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் பாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார்.

“எங்கை நிக்கிறாய்?”

“உயரத்திலை, பாஸ்டர்.”

“ஆவியிலையோ?”

“கூரையிலை.”

“அல்லேலூயா! கூரையிலை நிண்டு பிரசங்கிக்கிறியோ! சனம் கேக்குதோ?”

“ஐயாவும் அம்மாவும் கேக்கினம்,” என்றான் ஜெயசுதன். அது பொய்யல்ல. ஐயா ஆணி கேட்டார். அம்மா பழைய ஓட்டைப் பத்திரமாக இறக்கித் தரும்படி கேட்டாள்.

அன்று பின்னேரமே சபையின் முகநூல் பக்கத்தில், “கொக்குவிலில் ஒரு குடும்பமே இரட்சிக்கப்பட்டது” என்று அறிவிப்பு வந்துவிட்டது. நோர்வேயிலிருந்து இதயங்களும் கைகூப்புகளும் வந்து குவிந்தன. ஜெயசுதனுக்கு வள்ளத்தில் ஏறியது போல் வயிற்றைப் பிரட்டியது.

மறுநாள் பாலேஸ்வரி அவனுக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். தன் மகனுக்குப் போடுவது போல, கேட்காமலே இன்னொரு அகப்பை போட்டாள். அதைத் தின்னத் தின்ன அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல சனத்தை, தான் கடலுக்குப் போகாமல் தப்புவதற்காகத் தண்ணீரில் இறக்குவதா? கேட்காமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தான். பிறகு வள்ளத்தை நினைத்தான். கேட்டான்.

“ஐயா... வாற ஞாயிறு கொழும்புத்துறைக் கடற்கரையிலை ஞானஸ்நானம். நீங்களும் அம்மாவும்... விருப்பமெண்டால் மட்டும்தான்... கட்டாயமில்லை...”

கிழவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

“தெற்குப் பக்கம் சனிக்கிழமைக்குள்ளை முடியுமே?” என்றார் சிவசுப்பிரமணியம்.

“முடிச்சுத் தாறன் ஐயா!”

“அப்ப வாறம்.”

ஜெயசுதன் பாதிப் பிட்டோடு எழும்பினான். “வெள்ளை உடுப்பு வேணும் ஐயா. இல்லாட்டி நான் சபையிலை கேட்டு...”

“அது இருக்குத் தம்பி,” என்றாள் பாலேஸ்வரி. “தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறன்.”

தான் ஒரு பிரசங்கத்தையும் ஒழுங்காக முடிக்காதபோதும், அவர்களுடைய மனம் இப்படித் தயாராக இருந்திருக்கிறதே! ஜெயசுதன் கைகழுவப் போகிற சாட்டில் கிணற்றடியில் நின்று அழுதான். சனிக்கிழமை கடைசி ஓட்டை அடுக்கியபோது அவனுடைய உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், மனதார ஒரு செபம் செய்தான். கூரை ஒழுகக்கூடாது என்று.

ஞாயிறு காலை கொழும்புத்துறைக் கரையில் கடல் குளம் போலக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் வெள்ளை அங்கியோடு பாஸ்டர் செபநாயகம். கரையில் பாட்டுக்காரர். பாடகி ஜெயனி கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் நோர்வே முழித்திருந்தது. கொஞ்சம் தள்ளி, கட்டியிருந்த வள்ளத்தில் இருந்தபடி யாகப்பு என்ற வயதான கடற்றொழிலாளி வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சிவசுப்பிரமணியமும் பாலேஸ்வரியும் வெள்ளை உடுப்போடு தண்ணீரில் இறங்கினார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போன ஜெயசுதனுக்கு அன்று வயிறு பிரட்டவில்லை.

பாஸ்டர் வாய் திறக்கும் முன்பே சிவசுப்பிரமணியம் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்தார். சரியான நேரத்தில் மூக்கைப் பொத்தினார். சரியான நேரத்தில் முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்தார். எழும்பியதும், ஒருவரும் கேட்காமலே, “ஆமென்!” என்றார். பாலேஸ்வரி அவரைவிடத் திறம். கொண்டையே கலையாமல் முங்கி எழும்பினாள்.

“பாத்தியளே!” பாஸ்டர் தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார். “ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை! எல்லாம் ஆவியானவர்!”

“அல்லேலூயா!” என்றது கரை. ஜெயசுதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜெயனி தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

பாட்டு ஓய்ந்த அந்த ஒரு கணத்தில், யாகப்பு நண்டிலிருந்து தலையை நிமிர்த்தி, தெரிந்தவரைக் கண்ட சந்தோசத்தில் வள்ளத்திலிருந்தே குரல் கொடுத்தார்:

“என்ன சிவசுப்பிரமணியம் ஐயா, இந்த வருசமும் வந்திட்டியளே! முந்தி உங்களை முக்கினவை மதில் கட்டித் தந்த சபை, போனமுறை முக்கினவை கிணறு இறைச்ச சபை. இந்தச் சபை உங்களுக்கு என்ன வேலை செய்து தந்தது?”