அப்பா தட்டில் ஒரு சீஸ் மலை

பெற்றவர்களுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இப்போது பாவமாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அந்த வாத்தியார் வேலை பார்த்தவள்தான். எனக்கு இரண்டு மாணவர்கள்: கிள்ளானில் முப்பது வருடம் லோரி ஓட்டிய அப்பா, ரகசியத்தைக்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசும் அம்மா. பரீட்சையில் அவர்கள் இருவரும் பாஸ். நான்தான் ஃபெயில்.

நானும் பிரவினும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து, இரு வீட்டாரும் முதன்முறையாகச் சந்திக்க வேண்டிய நேரம் அது. பிரவினின் அப்பாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை, மூன்று தலைமுறை வியாபாரம். "அப்பா ஆளுங்களப் பாத்துப் பேசிட்டுத்தான் முடிவு சொல்வாரு" என்று பிரவின் சொல்லிவிட்டான். எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அவர்களை அழைத்தால் மானம் போய்விடும் என்று நானே தீர்மானித்தேன். கோலாலம்பூரைத் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் இத்தாலிய உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேசை பதிவு செய்தேன். (நான் அங்கே போனதே இல்லை. போனில் படம் பார்த்ததோடு சரி.)

இரண்டு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. மீ நூடுல்ஸை அவித்துத் தட்டில் கொட்டி, முள்கரண்டியால் சுற்றச் சொன்னேன். அம்மா மூன்றாம் நாளே தேறிவிட்டார். அப்பாவைப் பற்றித்தான் பயம். எங்கள் கோயில் அன்னதானத்தில் அப்பாதான் பந்திக்குப் பொறுப்பு. சாப்பிட உட்கார்ந்தாலும் பந்திப் பழக்கம் போகாது. போதும் என்றால் தட்டுக்கு மேல் இரண்டு கையையும் குடை மாதிரி விரிப்பார்.

"அங்க வந்து தட்டு மேல கைய நீட்டி மறிக்கிற வேலையெல்லாம் வேணாம்பா. கோயிலு, பந்தி, லோரி எதையும் பேசவும் வேணாம். சும்மா சிரிச்சிக்கிட்டே இருங்க."

"சரிம்மா. நீ சொன்னா சரி" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை உணவக வாசலில் இறங்கியதும் ஏரியைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "இது பழைய ஈயச் சுரங்கக் குட்டையாச்சே. நான் இங்க வந்து மண்ணு ஏத்தியிருக்கேன்" என்று ஆரம்பித்தார். நான் ஒரு முறை முறைத்தேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டார். (அந்த முறைப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரவினின் அப்பா பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து எதிரே இருந்தவர்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிவப்பாகத் தக்காளி சூப்பு வந்தது. அப்பாவுக்குப் பாஸ்தா வந்தது. கூடவே கறுப்பு ஏப்ரன் கட்டிய வெயிட்டர் ஒருவர், கையில் ஒரு சீஸ் கட்டியும் துருவியுமாக வந்து அப்பா பக்கத்தில் நின்று துருவ ஆரம்பித்தார்.

அங்கெல்லாம் சாப்பிடுகிறவர் போதும் என்று சொல்லும்வரை துருவுவார்களாம். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அப்பா வெயிட்டரைப் பார்த்துச் சிரித்தார். வெயிட்டர், ஐயாவுக்குச் சீஸ் ரொம்பப் பிடிக்கும் போல என்று இன்னும் உற்சாகமாகத் துருவினார். அப்பா இன்னும் நன்றாகச் சிரித்தார். பாஸ்தா மறைந்தது. தட்டில் ஒரு பத்துமலை முருகன் குன்று எழுந்தது. படிக்கட்டு மட்டும்தான் இல்லை.

"ஏய் ஷாமினி, அந்தாளு போட்டுக்கிட்டே இருக்காரு லா, சொல்லேன்" என்று அம்மா கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. பிரவின் மெனு அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சீஸ் கட்டி தீர்ந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். வெயிட்டர் உள்ளே போய் இன்னொரு கட்டியோடு வந்தார்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. எழுந்து பாய்ந்து, அப்பா தட்டுக்கு மேல் இரண்டு கையையும் குடையாக விரித்து, "போதும்ணே, போதும், போதும்" என்று கத்தினேன். என் முழங்கை பட்டு, தக்காளி சூப்பு கிண்ணத்தோடு பறந்துபோய் பிரவின் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

என் கல்யாணம் அவர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அவர் நாப்கினால் மெதுவாகத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"பந்தியில கத்திப் பழகின கொரலா இருக்கே. எந்தக் கோயில்மா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கிள்ளான்ல எங்க தாமான் கோயிலுங்க. இருபத்தஞ்சு வருஷமா பந்தி நான்தான் பாக்குறேன். இவ எட்டு வயசுலேயே தண்ணி ஊத்த வந்துட்டா."

"அப்ப நீங்களே அவர நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

"சோறு போடுறவங்கள வாயால நிறுத்துறது மரியாத இல்லீங்க. கையாலதான் மறிக்கணும். கைய நீட்டக் கூடாதுன்னு பொண்ணு சொல்லிருச்சு."

என் வாழ்நாளில் நான் அவ்வளவு கூனிக்குறுகியதும் இல்லை, அவ்வளவு பெருமைப்பட்டதும் இல்லை. அப்பா முள்கரண்டியை எடுத்து, போட்டதை வீணாக்கக் கூடாது என்று மலையை அடிவாரத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

பிரவினின் அப்பா தன் தட்டை மேசைக்குக் குறுக்கே நகர்த்தினார்.

"தனியா எப்படி முடிப்பீங்க? இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க, சம்பந்தி."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அம்மா எழுப்பிய சத்தம் ஏரியின் அக்கரைவரை போயிருக்கும். அன்றைக்கு நான் அம்மாவை அடக்கவில்லை.

கல்யாண விருந்தை எங்கள் கோயில் மண்டபத்திலேயே வைத்தோம். முதல் பந்தியில் மாமனார் புது வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ரச வாளியோடு அப்பாவே வந்து ஊற்ற ஆரம்பித்தார். மாமனார் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டே ஊற்றினார். ரசம் சோற்றை மூழ்கடித்து, இலையைத் தாண்டி, மேசை விளிம்பிலிருந்து மாமனாரின் வேட்டியில் சொட்டியது.

"என்ன அங்கிள், போதும்னு சொல்ல மாட்டீங்களா?" என்று கேமராக்காரர் பதறினார்.

மாமனார் மணமேடைப் பக்கம் கையைக் காட்டினார். "நான் என்னப்பா பண்றது? மருமக சொல்லிருச்சு."