அலைதடுப்புச் சுவரின் தொன்மையான ஓட்டை

அன்பரே, நீங்கள் செய்த தவற்றை ஒருவர் வந்து உங்கள் முன்னோரின் பெருமை என்று அறிவித்தால் மறுப்பீர்களா, மாலை வாங்கிக்கொள்வீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். ஏஜியன் கடலோரத்துப் பாலியோஸ்காலா என்னும் எங்கள் ஊர் அவசரப்பட்டது.

எங்கள் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு படகு நுழையுமளவு ஓட்டையும் உண்டு. ஓட்டையின் வரலாறு ஊரறிந்தது. மாலுமிகளைக் காக்கும் புனித நிக்கோலாஸின் திருநாளன்று, அந்தப் பெயருடையவரை வாழ்த்தி ஒரு கோப்பை மது ஊற்றாமல் அனுப்புவது எங்களிடையே பெரும் அவமரியாதை. பயணிகள் கப்பலின் தலைவர் பெயரும் நிக்கோலாஸ். ஊரில் ஒருவரும் அவருக்கு அவமரியாதை செய்யவில்லை. தெளிந்த வானம், நண்பகல். அவர் கப்பலை நேராகச் சுவருக்குள் செலுத்தினார்.

ஓட்டைக்கு நேர் உள்ளே தன் படகைக் கட்டி நிறுத்துபவர் மீனவர் பனோர்மிதிஸ். அவருக்கு இருந்தது அந்த ஒரு படகுதான். தெற்குக் காற்று எழும் முன் ஓட்டையை அடைக்க வேண்டுமென்று நகரத் தலைவர் கிரியாகூலிஸிடம் போனார்.

"தலைவரே, கல்லெல்லாம் அங்கயே தண்ணிக்குள்ளதான் கெடக்கு. ஒரு கிரேன் குடுங்க, அடைச்சிடலாம்."

"அடைச்சிடலாம்யா. ஆனா தொன்மைக் காப்பகம் சரின்னு சொல்லாம இந்தக் கரையில ஒரு கூழாங்கல்லைக்கூட நகத்த முடியாதே."

"என்னது தொன்மை? எங்கப்பா கட்டின செவரு அது!"

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா? அவங்களுக்குத் தெரியணும்ல?"

பழஞ்சின்னங்களைக் காக்கும் அந்த அரசுக் காப்பகத்திலிருந்து அதிகாரி போலிக்ஸேனி அம்மையார் எழுந்தருளினார். ஓட்டையை நெடுநேரம் உற்று நோக்கினார். நகரத் தலைவர் பெருமூச்சு விட்டார்.

"பக்கத்து ஊர்ல அரங்கம் இருக்கு, கோயில் தூண் இருக்கு. எங்களுக்கு இந்த ஓட்டை மட்டுந்தான்மா."

"ஓட்டைன்னு சொல்லாதீங்க, திறப்புன்னு சொல்லுங்க. யாரோ படையெடுத்து வந்து உடைச்சிருக்கணும்."

"கப்பல் வந்துதாம்மா உடைச்சுது!" என்று கத்தினார் பனோர்மிதிஸ்.

"பாத்தீங்களா, கடல்வழித் தாக்குதல். உள்ளூர் வாய்மொழி மரபும் அதையேதான் சொல்லுது."

"போன வருஷங்க!"

"மரபுல காலக்கணக்கு கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும், ஐயா."

ஊரில் எவரும் வாய் திறக்கவில்லை. கோப்பை ஊற்றிய கைகளுக்கு ஒரு பகைவர் படை கிடைத்ததில் அவ்வளவு நிம்மதி. சில வாரங்களில் பலகை நடப்பட்டது: 'மேற்படி திறப்பின் தொன்மை வடிவத்துக்கு ஊறு விளைவிக்கும் எச்செயலும், அடைத்தல் உட்பட, இதனால் தடைசெய்யப்படுகிறது.'

அந்தக் கோடையில் பாலியோஸ்காலா நாகரிகத்தின் உச்சியை எட்டியது. மணமக்கள் திறப்பின் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். முதுகில் வட்டமாகத் துளையிட்ட சட்டை அணியாதவர் பட்டிக்காட்டார் எனப்பட்டார். பக்கத்து ஊர்த் தலைவர், கப்பல் தலைவர் நிக்கோலாஸைச் சகல மரியாதைகளுடன் விருந்துக்கு அழைத்திருப்பதாகவும் கேள்வி. பனோர்மிதிஸின் மனைவி ஸெவாஸ்தி, எள் தூவிய வளைய ரொட்டிக்கு 'முற்றுகை ரொட்டி' என்று பெயரிட்டுச் சுடச்சுட விற்றாள்.

"ஏண்டி, ஓட்டைய அடைக்கச் சொல்லி நான் தெருத்தெருவா அலையறேன். நீ அதுக்கு எள்ளு தூவி விக்கறியா?"

"அலைஞ்சு முடிச்சு வந்து எதைத் திங்கறயாம்? நகருய்யா, வரிசைல ஆளு நிக்குது. எதிரிப் படை மறுபடி வந்தா சொல்லி அனுப்பு."

அவர் கோபத்தோடு இரண்டு ரொட்டி தின்றார்.

இலையுதிர்காலத்தில் தெற்குக் காற்று வந்தது. அது பலகையை வாசிக்கவில்லை. அலை திறப்பின் வழியே விருந்தாளியைப் போல நேராக உள்ளே வந்து, பனோர்மிதிஸின் படகைத் தூக்கிக் கரைமேடையில் அறைந்தது. படகில் ஆளில்லை என்பது ஒன்றே ஆறுதல். சிதறிய பலகைகளை அவர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மையார் வந்து சேர்ந்தார்.

"தொடாதீங்க ஐயா! பாதுகாக்கப்பட்ட பகுதி."

"இது என் படகும்மா."

"உங்க வருத்தம் புரியுது. ஆனா இந்தத் திறப்பு வழியா துறைமுகம் எப்படி அழிஞ்சிருக்கும்னு காட்ட எங்ககிட்ட இதுவரைக்கும் ஆதாரமே இல்ல. இப்பத்தான் கெடைச்சிருக்கு."

"அப்ப இனிமேலாவது அடைக்கலாமில்ல?"

"இப்பவா? அது நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபணமான பிறகா?"

ஆறுதல் சொல்ல ஊரே திரண்டது. உண்மையாகவே அழுதார்கள். அழுது முடித்ததும், உடைந்த படகின் நடுவில் பனோர்மிதிஸை நிறுத்திச் சுற்றி நின்றார்கள்.

"கொஞ்சம் சிரிய்யா, படம் நல்லா வரட்டும்," என்றார் நகரத் தலைவர்.

பனோர்மிதிஸ் சிரித்தார். படம் மிக நன்றாக வந்தது. மறுநாள் முதல் ஸெவாஸ்தியின் ரொட்டி, நடுவில் முறிந்த படகின் வடிவில் வெளிவந்தது. விற்பனை இரட்டிப்பானது.

சிரித்தவர்களே, துறைமுகத்துக்குள் மற்றவர்களின் படகுகள் இன்னும் கட்டிக் கிடக்கின்றன. காற்று மறுபடியும் தெற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. உங்கள் ஊரிலும், எல்லாரும் சேர்ந்து உடைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து பெயர் சூட்டிய ஓட்டை ஒன்று இருக்கும். இதைக் கீழே வையுங்கள். எழுந்து அங்கே போங்கள். யாரிடமும் விண்ணப்பிக்காதீர்கள், யாரையும் படமெடுக்க அழைக்காதீர்கள். குனிந்து ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். இன்றே, வெளிச்சம் இருக்கும்போதே.