அயர்ன் அண்ணன் தேய்த்த மேசை

ஸ்னூக்கரில் ஜெயிக்கப்போவது யார் என்பதை ஒரு பந்தைக்கூடப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ராமநாதபுரத்தில், எங்கள் கிளப்பின் மாடிப்படிக்குக் கீழே வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கே அவர் அயர்ன் அண்ணன். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை.

படியேறும் ஆட்டக்காரனின் காலரைப் பார்ப்பார். "மடிப்பு சரியில்ல. இவன் இன்னைக்குத் தோத்துருவான்" என்பார். பாதி நாள் பலிக்கும். பலிக்காத நாளில், "ஜெயிச்சவன் சட்டைய எங்கன தேய்ச்சான்னு விசாரிக்கணும்" என்பார்.

எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு அப்பளம் அரை மணியில் நமத்துப்போகும். ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணியும் அப்படித்தான். ஈரம் ஏறினால் பந்து ஓடாது. துணியை இஸ்திரி போட்டுத்தான் ஆட வேண்டும். அந்த வேலைக்கு கிளப் முதலாளி சிக்கந்தர் பாய் இவரைக் கூப்பிட்டார். முதல் நாள் அண்ணன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொம்பில் கையை விட்டு, துணி முழுக்கத் தண்ணீர் தெளித்தார்.

"யா அல்லா, என்னண்ணே பண்றீக?" என்று பாய் தலையில் கைவைத்தார்.

"தண்ணி தெளிக்காம எந்த ஊர்ல பாய் தேய்க்கிறாக?"

மேசை காய மூன்று நாள் ஆனது. ஆனால் தொழில் பிடிபட்ட பிறகு, அவர் தேய்த்த மேசையில் பந்து நாம் நினைத்த இடத்தில் போய் நிற்கும். ஆட்டம் மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "குனிஞ்சு குனிஞ்சு சட்டையக் கசக்குறீக. இதெல்லாம் ஒரு வெளையாட்டா?"

ஒருமுறை தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி எங்கள் கிளப்பில் நடந்தது. எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன். எதிரே, என்னைப் போலவே போட்டிக்கான கோட்டுப் போட்ட ஒரு சென்னைக்காரர். ஃபிரேம் என்கிற சுற்று மொத்தம் ஒன்பது. நாலுக்கு நாலு என்று நின்றது. ஜெயித்தால் எனக்கு வாழ்க்கையில் முதல் கோப்பை. கடைசி ஃபிரேமுக்கு முன் அண்ணன் மேசை தேய்க்க வந்தார். ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த வலது மூலைய மட்டும் தேய்க்காம விட்டுருங்க. அங்கன பந்து மந்தமாப் போறது எனக்குப் பழக்கம். அவருக்குத் தெரியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒருத்தன் சட்டைய வாங்கி ஒரு கையத் தேய்ச்சு ஒரு கைய விட்டுக் குடுப்பனா? நீ ஜெயிக்கணும்னு காலைலருந்து நான் சாப்புடல. அதுக்காக இது ஏலாது."

மகா பாவி, அந்த மூலையை மட்டும் இரண்டு தரம் தேய்த்தார்.

கடைசியில் பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும் மிச்சம். இரண்டையும் குழியில் போட்டால் கோப்பை எனக்கு. பிங்க்கைப் போட்டுவிட்டேன். கறுப்பை இடிக்க அதற்கு நேராக நிற்க வேண்டிய வெள்ளைப் பந்து, அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு ஒரு சாண் கூடுதலாக ஓடிவிட்டது. கோணம் போச்சு. நான் அடித்த கறுப்பு குழியின் வாய்வரை போய் நின்றது. சென்னைக்காரர் அதைத் தட்டிக் குழிக்குள் போட்டுவிட்டார், கோப்பை அவருக்கு.

பரிசளிப்புக்கு முன் அண்ணன் வந்து நின்றார். "கோட்டக் கழட்டு. தோத்தவன் கசங்கிப்போய் நிக்கக் கூடாது." அவர் கண் கலங்கியிருந்தது. தேய்த்துக் கொடுத்ததை வெடுக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரைத் தாண்டித்தான் தினமும் மாடி ஏறினேன். கோபம் ஆறிப்போய் ஒருநாள் பேசலாம் என்று வந்தால், வண்டி இல்லை. மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று பாய்க்கும் தெரியவில்லை.

இப்போது கிளப்பில் ஏசி ஓடுகிறது. மதுரையிலும் கோவையிலும் நான் கோப்பை வாங்கிவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேசையைத் தடவிப் பார்க்கிறேன், மனசு நிறையவில்லை. அண்ணே, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால், ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். நீங்கள் தேய்த்த மேசையில் நான் இன்னொரு தரம் தோற்க வேண்டும்.