கேமராவுக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேமராவுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் உலகம் என்று நம்புவது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

ஆண்டுதோறும் கார்த்திகை முதல் ஞாயிறு, திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போய், ஒரே இடத்தில் நின்று நீர்த்தேக்கத்தைப் படம் எடுப்பேன். (தேதி தவறினால் எனக்குச் சோறு இறங்காது.) சென்ற ஆண்டு கூடுதலாக ஒரு காரணம்: நீர்நிலைகளைக் காப்பது பற்றி எங்கள் ஊரில் ஒரு புகைப்படக் கண்காட்சி. நுழைவாயிலில் என் படம்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மனைவி ஸ்டெல்லாவும் ஸ்கூட்டரில் உடன் வந்தாள்.

அணை நிறைந்திருந்தது. மேற்கே மலையில் காலை வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை அழகுக்கும் முன்னால், கரை முழுக்கக் கேரி பைகளும் தண்ணீர் பாட்டில்களும்!

பரபரவென்று எல்லாவற்றையும் அள்ளி, கேமரா முக்காலிக்குப் பின்னால் குவித்தேன்.

"ஏங்க, இங்கிட்டு கெடந்தத அங்கிட்டு போட்டா சுத்தமாயிருமா?"

"படத்துல விழாதுல்ல? செத்த நேரம் சும்மா இரு, வெளிச்சம் போயிரும்."

"நல்லா இருக்கு ஒங்க சுத்தம்" என்று அவள் செல்போனோடு தள்ளிப் போய் நின்றாள்.

வெயில் நீரைத் தொட்டது. பட்டனில் விரலை வைத்தேன். அப்போது பார்த்து முதுகுப் பக்கமிருந்து அடித்தது கீழக்காற்று. நான் குவித்த பைகள் மொத்தமும் எழும்பி என் தலைக்கு மேல் பறந்தன. ஒன்று லென்ஸை மூடியது, இன்னொன்று என் முகத்தை. பதறிப் பின்வாங்கியவன் பாட்டில்கள்மேல் கால் வைத்து, மல்லாந்து விழுந்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் ஸ்டெல்லா என்னைத் தூக்கிவிட்டாள். கேமரா பையைக் காலி செய்து நீட்டினாள்.

"அள்ளுங்க. தண்ணிக்குள்ள போனதையும் சேத்து."

முழங்கால் நீரில் இறங்கி அள்ளினேன். என் கேமராவில் பதிந்திருந்ததோ, ஏதோ துணிக்கடைப் பையின் 'நன்றி, மீண்டும் வருக' மட்டும்தான்.

கண்காட்சி நுழைவாயிலை அலங்கரித்தது ஸ்டெல்லா செல்போனில் எடுத்து அனுப்பிய படம். பொன்னாக நீர், நீலமாக மலை, வானமெங்கும் பைகள், நடுவே அந்தரத்தில் என் இரண்டு கால்கள். எல்லோரும் அதன் முன்தான் அதிக நேரம் நின்றார்கள், நானும். அந்த நீரின் ஒளியை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அப்படிப் பிடித்ததில்லை.

இப்போதெல்லாம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான் அவசரமாக எதையாவது கட்டிலுக்கடியில் தள்ளினால் போதும், வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி மகன் கத்துவான்:

"எம்மா, அப்பா போட்டோ எடுக்க ரெடியாயிட்டாரு!"