டேங்க்கின் மேல் உட்கார்ந்து எழுதியது

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதுவது. இந்த வரி எழுதும்வரை இங்கு அனைவரும் நலம். அடுத்த வரிக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. உன் நலமும் உன் மனைவியின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

விஷயம் என்னவென்றால், நம் டிராக்டரின் டீசல் டேங்க் ஒழுகுகிறது. இரும்பு இல்லை, பிளாஸ்டிக். என் மகன், அதாவது உன் அருமை மருமகன், முதலில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்தான். வண்டியைக் கிளப்பியதும் வாசனையோடு ஒழுகியது. பிறகு பசை போட்டான், அது அவன் இரண்டு விரல்களைத்தான் ஒட்டியது. இன்று டீசலை வடித்து, டேங்க்கையே கழற்றி வாசலில் வைத்துவிட்டு என் குளியலறை வாளியை வெட்டிக்கொண்டிருக்கிறான். ஏன்டா என்றால், "ஸ்க்ரூடிரைவரப் பழுக்கக் காய்ச்சி, வாளித் துண்ட உருக்கி ஓட்டையில ஒட்டப்போறேம்மா. போன்ல ஒருத்தன் செஞ்சான்" என்கிறான். அந்த ஒருத்தன் இப்போது உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். சரி, ஓட்டை எங்கே என்றேன். "சூடு வச்சா தானா தெரியும்" என்கிறான்!

நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் எமன், உள்ளே ஆவி நெருப்புக்குக் காத்துக் கிடக்கும் என்று லேத்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் வகுப்பில் முதல். எனக்குப் புரிவது பன்னிரண்டு படித்தவனுக்குப் புரியவில்லை. வீட்டுத் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். மருமகள், "அத்தே, ஒரு வாய் டீயாவது போட்டுக்கறேனே" என்று கெஞ்சினாள். "போட்டுக்க. அப்புறம் உன்ன எந்தச் சுவத்துலேருந்து சுரண்டணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றேன். பேத்திகளை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டாள். இவனோ பக்கத்து வீட்டு ஸ்டவ்வை எரிய எரியவே தூக்கி வந்துவிட்டான். வேறு வழி தெரியாமல் டேங்க்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், என் கையெழுத்து உனக்குத் தெரியாததா?

"எறங்கும்மா."

"என்னையும் சேத்து ஒட்டுடா."

"பயமாயிருந்தா தூரப் போய் உக்காரேன்."

"பயமா? எனக்கா?" என்றேன். பல் தந்தியடிக்கிறது தம்பி, அவனுக்குக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உடனே புறப்பட்டு வா. உன் பேச்சுக்கு மட்டும்தான் அடங்குவான். போனில் டேங்க் ஒட்டும் படம் ஓடுவதால் இதை உன் ஊர்ப் பக்கம் போகும் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் உன் பிள்ளைகளும் நெருப்பு அண்டாமல் நூறு வயது வாழ வேண்டுமென்று, வாழ்வோமா என்று தெரியாத இடத்திலிருந்து ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: பால் வண்டி வருவதற்குள், மருமகள் எதிர்வீட்டிலிருந்து சொல்லியனுப்பிய மெக்கானிக் வந்துவிட்டார். டேங்க்கிலிருந்து இவன் கழற்றிப் போட்ட ரப்பர் குழாயைப் பார்த்தார். "டேங்க்ல ஒண்ணுமே இல்லைங்க, இந்தக் குழாய்தான் நுனியில கிழிஞ்சிருக்கு" என்றார். ஸ்டவ்வை அணைத்தாயிற்று. புதுக் குழாயோடு எதிரே நின்றுகொண்டு, "எந்திரிங்கம்மா, மாட்டிடலாம்" என்கிறார். எப்படி எழுந்திருப்பேன்? அவர் வருவதற்குச் சற்று முன்னால் எனக்கு அடியில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் தம்பி, என் உடம்பைக் குற்றம் சொல்லாதே. வரும்போது கையோடு ஒரு புது டேங்க் வாங்கி வா. அதுவரை உட்கார்ந்திருக்கிறேன்.